திரையை வரையும் முன் ஐந்து கேள்விகள்

1990களில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் சட்டைப்பையில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு திரிந்தார். சந்திப்புக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தால், அந்தக் கட்டையை எடுத்து, நாட்காட்டியைப் பார்ப்பதுபோல் தட்டுவார். எழுதுகோலுக்குப் பதிலாக ஒரு சாப்ஸ்டிக் குச்சி! கையில் பிடிக்க வசதியாக இருக்கிறதா, ஒரு நாளில் எத்தனை முறை அதை எடுக்கிறோம் என்பதையெல்லாம் அவர் இப்படித்தான் அறிந்துகொண்டார். 1996ல் வெளிவந்து புகழ்பெற்ற ‘பைலட்’ கையடக்கக் கணினி அந்தக் கட்டையிலிருந்து பிறந்ததுதான்.

‘எதை அறிய விரும்புகிறோம்’ என்பது முதல் கேள்வி. ‘எந்தக் கருவி’ என்பது அதற்குப் பிறகு வருவது. மாணவர் குழுக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

நீங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வரிசையைக் குறைக்க ஒரு செயலி உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் திரை, பொத்தான், பட்டியல் எல்லாம் சேர்ந்ததே ‘பயனர் இடைமுகம்’. நிரல் எழுதும் முன்பே அதை வரைந்து பார்க்க மென்பொருள்கள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது? பெயரைப் பார்க்காமல் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எல்லாருடைய கணினியிலும் திறக்குமா?

2010ல் வெளிவந்த ‘ஸ்கெட்ச்’ இத்துறையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆனால், அதில் வரைய மேக் கணினி வேண்டும். மற்றவர்கள் உலாவியில் பார்க்கலாம், அவ்வளவுதான். உங்கள் குழுவில் ஒருவரிடம் குரோம்புக், இன்னொருவரிடம் ஐபேட், மற்றவரிடம் விண்டோஸ் மடிக்கணினி என்றால், மேக் வைத்திருப்பவர் மட்டும் வரைவார். நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். ‘ஃபிக்மா’, ‘பென்பாட்’ போன்றவை இணைய உலாவியில் இயங்குகின்றன. இருந்தாலும், உங்கள் ஒவ்வொருவரின் சாதனத்திலும் திறந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

2. ஒரே நேரத்தில் பலர் வேலை செய்யலாமா?

டிலன் ஃபீல்டும் எவன் வாலஸும் 2012ல் தொடங்கிய நிறுவனம் ஃபிக்மா. 2016ல் அதன் மென்பொருள் அனைவருக்கும் திறக்கப்பட்டது. ஒரே கோப்பில் பலர் ஒன்றாக வரைய முடிந்ததே அதன் பெரிய பலம். இது எப்படிச் சாத்தியமாகிறது? நீங்கள் ஒரு பொத்தானைச் சிவப்பாக்கினால், முழுக் கோப்பும் அனுப்பப்படுவதில்லை. ‘இந்தப் பொத்தானின் நிறம் மாறியது’ என்ற சிறு செய்தி மட்டுமே சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்றவர்களின் திரைகளுக்குச் செல்கிறது. நீங்கள் நிறத்தையும் உங்கள் தோழி அளவையும் மாற்றினால் இரண்டும் நிலைக்கும். இருவரும் நிறத்தையே மாற்றினால், சர்வருக்குக் கடைசியாக வந்து சேர்ந்த மாற்றமே நிற்கும்.

3. தட்டிப் பார்க்க முடியுமா?

அழகான படம் போதாது. ‘உணவைத் தேர்ந்தெடு’ என்று தட்டினால் அடுத்த திரை வரவேண்டும். இப்படி இயங்கும் மாதிரியைத்தான் ‘முன்மாதிரி’ என்கிறோம். அதைக் குழுவில் இல்லாத சிலரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் கவனியுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2000ல் எழுதினார். அதனால் முன்மாதிரியை ஒரு கைப்பேசியில் எளிதாகத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

4. தமிழ் ஒழுங்காக வருமா?

நம் நாட்டில் நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ளன. உங்கள் செயலியைத் தாத்தா பாட்டியும் பயன்படுத்தலாம். ‘கெ’ என்று தட்டச்சு செய்யும்போது, கணினி முதலில் ‘க’வையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, ‘க’வின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் தமிழ் சிதைந்துவிடும். கெண்டை, கேள்வி, மைனா, கொக்கு, கோயில், பௌர்ணமி என்ற ஆறு சொற்களைத் தட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் விடை தெரியும்.

நீளத்தையும் சோதியுங்கள். ஆங்கிலத்தில் ஆறே எழுத்தில் முடியும் ‘சைன் அப்’, தமிழில் ‘பதிவு செய்யுங்கள்’ ஆகிறது. எழுத்துக்கேற்பத் தானே விரியும் பொத்தானை அந்த மென்பொருளில் அமைக்க முடியுமா? முடியாவிட்டால் தமிழ்ச்சொல் பாதியில் வெட்டப்படும்.

5. உங்கள் வேலையை வெளியே எடுக்க முடியுமா?

இந்தக் கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்மாதிரி உருவாக்கப் பல நிறுவனங்கள் நம்பியிருந்த ‘இன்விஷன்’, 2024 இறுதியில் தன் சேவையை நிறுத்தியது. ‘அடோபி எக்ஸ்டி’ 2023 முதல் தனிச் செயலியாக விற்கப்படவில்லை. 2022ல் அடோபி நிறுவனம் ஃபிக்மாவை 20 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் கிடைக்கும் வழி தெரியாததால், 2023 டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆக, இன்று இலவசமாகவும் வசதியாகவும் இருப்பது நாளை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு மென்பொருளுக்கே உரிய கோப்பு, அந்த மென்பொருள் இருக்கும்வரைதான் பயன்படும். எஸ்விஜி போன்ற பொதுத் தர வடிவத்தில் சேமித்தால், வரைந்ததை வேறு மென்பொருளிலும் திறந்து திருத்தலாம். பென்பாட் ஒரு திறமூல மென்பொருள். விரும்பினால் சொந்தக் கணினியிலேயே நிறுவி நடத்தலாம். ஆனால், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இனி முடிவெடுப்பது எப்படி? முதலில் ஒரே ஒரு திரையைத் தாளில் வரையுங்கள். அதையே இரண்டு மென்பொருள்களில், ஒவ்வொன்றிலும் 40 நிமிடம், குழுவாகச் சேர்ந்து உருவாக்குங்கள். ஐந்து கேள்விகளுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். கூட்டிப் பார்க்கும் முன், உங்கள் திட்டப்பணிக்கு எந்தக் கேள்வி மிக முக்கியம் என்று பேசி, அதன் மதிப்பெண்ணை இரட்டிப்பாக்குங்கள். முதல் கேள்விக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை: குழுவில் ஒருவரால்கூடத் திறக்க முடியாத மென்பொருளை, மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் பெற்றாலும், ஒதுக்கிவிடுங்கள்.