அன்னை மரியா குழுக்கள்

அன்னை மரியா குழுக்கள் (பிரெஞ்சு: எக்கிப் நோத்ர் தாம்) என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் தம்பதியர் தம் இல்லற வாழ்வை இறைநம்பிக்கையில் உறுதிப்படுத்த உதவும் பொதுநிலையினர் இயக்கமாகும். திருமணம் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று என்பதால், துறவியரைப் போலவே தம்பதியரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

வரலாறு

1939 பெப்ரவரி 25 அன்று பாரிசு நகரில் நான்கு இளம் தம்பதியர் ஆன்றி கஃபரேல் (1903–1996) என்னும் குருவுடன் கூடியதே இதன் தொடக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குழுக்கள் பெருகின. ஆர்வம் மட்டும் நிலைக்காது எனக் கருதிய கஃபரேல், 1947 திசம்பர் 8 இல் உறுப்பினர் கடமைகளை வரையறுக்கும் சாசனத்தை வெளியிட்டார். அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான முதற்கட்டப் பணிகள் 2006 இல் பாரிசில் தொடங்கின.

நடைமுறை

ஐந்து முதல் ஏழு தம்பதியரும் ஒரு குருவும் கொண்ட குழு, மாதம் ஒருமுறை ஓர் உறுப்பினர் இல்லத்தில் கூடி உணவு, செபம், பகிர்வு ஆகியவற்றில் ஈடுபடும். இறைவார்த்தை வாசிப்பு, தம்பதியர் செபம், ஆண்டுத் தியானம் ஆகியனவும் கடமைகளாகும்.

அமர்ந்து உரையாடல்

மாதந்தோறும் கணவனும் மனைவியும் இறைமுன்னிலையில் அமர்ந்து மனம் திறந்து உரையாடுவது இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு. கோபுரம் கட்டுபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்னும் உவமையின் (லூக்கா 14:28) அடிப்படையில், கஃபரேல் இதனை 1945 இல் முன்வைத்தார். அன்றாட வேலைகளுக்கிடையே சொல்லப்படாமல் தேங்கும் மனக்குறைகள் பிளவாக வளருமுன் பேசித் தீர்க்க இது வழிசெய்கிறது. உரையாடியவற்றைக் குழுவில் வெளியிட வேண்டியதில்லை. கடமையை நிறைவேற்றியதை மட்டும் தெரிவித்தல் போதும்.