எந்த பஸ் என்று கேட்பவருக்குத் தெரியுமா?

ஆங்கிலத்தின் ஏ, ஆன், த மூன்றும் தமிழ்ப் பிள்ளைகளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதும் கட்டுரைகளில் ஒன்று அவை விடுபட்டிருக்கும், இல்லையென்றால் வேண்டாத இடத்தில் வந்து நிற்கும். தமிழில் இப்படி ஒன்று இல்லை, அதனால்தான் வருவதில்லை என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். ஏதோ ஒன்றா, குறிப்பிட்ட ஒன்றா என்ற இந்த வேறுபாடு கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு மொழிகளில் தெரியும்.

வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் சிங்களத்தில் ‘பஸ் எகக் எனவா’ என்றால் ஏதோ ஒரு பஸ் வருகிறது. ‘பஸ் எக எனவா’ என்றால் நாம் பார்த்துக்கொண்டிருந்த பஸ், புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்கம் என்று வையுங்கள், அது வருகிறது. முதலாவது ‘ஏ பஸ்’, அடுத்தது ‘த பஸ்’. காலி வீதியில் சிங்களம் பேசி வளர்ந்தவர்கள் இதை யோசிக்காமலே சரியாகச் சொல்கிறார்கள்.

தமிழும் இதைச் செய்கிறது, வேறு வழியில். ‘கொட்டாஞ்சேனையில் வீடு பார்க்கிறோம்’ என்றால் வாடகைக்கோ விலைக்கோ தேடுகிறோம், எந்த வீடு என்று இன்னும் முடிவில்லை. ‘வீட்டைப் பார்க்கிறோம்’ என்றதும் அது குறிப்பிட்ட ஒரு வீடாகிவிடுகிறது. அஃறிணைப் பெயர்களில் ஐ உருபு பெரும்பாலும் இந்த வேலையைத்தான் பார்க்கிறது.

ஆகவே ஆங்கிலத்தில் பேசும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்தால் போதாது. நேற்று வாங்கிய சேலை என் கண்ணுக்குள் நிற்கலாம், ஆனால் உங்களிடம் முதன்முதலாகச் சொல்லும்போது அது ‘ஏ சாரி’. அடுத்த வசனத்தில் உங்களுக்கும் தெரிந்துவிட்டது, இனி ‘த சாரி’. முன்பே சொல்லாவிட்டாலும் ‘த சன்’, ‘த சீ’ என்பது, வேறொன்றோடு குழம்ப இடமில்லாததால். கொழும்பில் ‘த எயர்போர்ட்’ என்றால் கட்டுநாயக்க என்று எல்லோருக்கும் விளங்கும்.

தமிழ் வழிகாட்டாத இடம் தொழில். ‘நான் ஆசிரியர்’ என்று நிறுத்திப் பழகிய நாம் ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் டீச்சர்’ என்கிறோம். அங்கே ‘ஏ டீச்சர்’ என்றே சொல்ல வேண்டும். மறுபக்கம், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் போன்ற எண்ண முடியாதவற்றுக்கு ‘ஏ’ வரவே வராது.

ஏயா ஆனா என்ற கேள்விக்கு நம் எழுத்தே விடை தரும். ஒரு மரம், ஓர் ஊர் என்று நாம் மாற்றுவதைப் போன்றதுதான் இது. பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணைக் குறித்த சொல் தேய்ந்து ஆன் ஆனது, மெய்யொலிக்கு முன்னால் அதன் கடைசி ஒலியும் உதிர்ந்து ஏ ஆனது. பிள்ளைகள் தடுமாறுவது ஆங்கில எழுத்தைப் பார்ப்பதால்தான். பார்க்க வேண்டியது ஒலியை. சொல்லை மனதுக்குள் தமிழில் எழுதிப் பாருங்கள். மணித்தியாலத்தைக் குறிக்கும் அவர், ஆனஸ்ட், எம்.பி., எஸ்.எல்.டி.பி. பஸ், ஓ.எல். பேப்பர் எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, அவற்றுக்கு ஆன். யுனிவர்சிட்டி, யூனிஃபோர்ம், வன்-வே ரோட் ஆகியவை யகரத்திலும் வகரத்திலும் தொடங்குகின்றன, அவற்றுக்கு ஏ. ஓர் எச்சரிக்கை: வருடத்தைக் குறிக்கும் சொல்லை நாம் ‘இயர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அதன் முதலொலி யகரமே, ஆகவே ‘ஏ யியர்’.

இடப்பெயர்களில் உள்ளே பொதுச்சொல் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது உதவும். ‘ஸ்ரீ லங்கா’ வெறும் பெயர், அதற்கு த இல்லை. 1972இல் குடியரசானபோது வந்த முழுப்பெயர் ‘த ரிபப்ளிக் ஒஃப் ஸ்ரீ லங்கா’, குடியரசு என்பது பொதுச்சொல் ஆயிற்றே. ‘கலம்போ யுனிவர்சிட்டி’ என்றால் த வேண்டாம், ‘த யுனிவர்சிட்டி ஒஃப் கலம்போ’ என்று திருப்பினால் வேண்டும். ஆறுகளுக்கும் கடல்களுக்கும் உண்டு: த களனி, த இந்தியன் ஓஷன். ஏரிகளுக்கு இல்லை, பெய்ரா லேக் தனித்தே நிற்கும்.

புறக்கோட்டையைப் பழைய ஆங்கில நூல்கள் ‘த பெட்டா’ என்றே எழுதின. கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்பைக் குறிக்க ஆங்கிலேயர் நம் ‘பேட்டை’யை எடுத்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குப் பொதுச்சொல்லாக இருந்ததால் முன்னால் த போட்டார்கள். இன்று அது ஓர் இடத்தின் பெயர் மட்டுமே, பஸ் பலகைகளில் த இல்லாமல் ‘பெட்டா’ என்றுதான் இருக்கிறது.