கேசட்டும் மெமரி கார்டும்

கேம்கார்டரின் படத்தரத்தை எடைபோடும்போது, வினாடிக்கு எத்தனை மெகாபிட் பதிவாகிறது என்பதையே பலரும் முதலில் பார்க்கிறார்கள். எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி (AVCHD) என்ற இரண்டு பதிவுமுறைகளையும் அருகருகே வைத்தால், அந்த எண் எவ்வளவு ஏமாற்றும் என்பது புரியும். 2003இல் கேனான், ஷார்ப், சோனி, ஜேவிசி நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த எச்டிவி, பழைய மினிடிவி கேசட்டிலேயே 1080 வரிப் படத்தை 25 மெகாபிட் வேகத்தில் எழுதியது. 2006இல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டிக்கு அப்போதிருந்த உச்சவரம்பே 24 மெகாபிட்தான். எண்ணில் பழையது முந்துகிறது, படத்தில் அப்படியில்லை. எச்டிவி கையாண்டது எம்பெக்-2 சுருக்கம். ஏவிசிஎச்டியின் எச்.264, ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்கிவிடும். போதாததற்கு, 1080 வரிப் படத்தில் எச்டிவி ஒரு வரிக்கு 1440 புள்ளிகளையே பதிந்து, பார்க்கும்போது அகலமாக விரித்துக் காட்டும்; ஏவிசிஎச்டியில் 1920 புள்ளிகளையும் பதிய இடமுண்டு.

எடிட்டிங்கில் எச்டிவியே சுலபம் என்ற வாதம் அன்றைக்குச் சரிதான். எச்.264ஐ விரிக்கக் கணக்கு அதிகம். அக்காலக் கணினிகள் திணறின. பின்னால் வந்த சில்லுகளிலேயே அதற்கான தனிப்பகுதி சேர்ந்துவிட்டதால், அந்தக் குறை காலாவதியாகிவிட்டது. கேசட்டின் குறை அப்படித் தீரவில்லை. நம் நாட்டில் புழங்கிய 25 ஃபிரேம் எச்டிவியில், 12 ஃபிரேம்கள் ஒன்றையொன்று சார்ந்த ஒரே கட்டாகச் சுருக்கப்படுகின்றன. டேப்பில் ஒரு தூசி கட்டின் முதல் ஃபிரேமைக் கெடுத்தால், ஏறத்தாழ அரை வினாடிப் படமே உறைந்து நிற்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் தனியாகச் சுருக்கும் மினிடிவி கேசட்டின் பழைய டிவி (DV) முறையில், அதே தூசியால் சில சதுரங்கள் மட்டுமே சிதறும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேசட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு என்பேன்: எடுத்த மூலம் அலமாரியில் தங்கிவிடும். ஏவிசிஎச்டி பதியும் மெமரி கார்டை அடுத்த நிகழ்ச்சிக்காக அழித்தே ஆகவேண்டும். பிரதி எடுக்க மறந்தால் எல்லாம் போயிற்று. டேப்பும் நாளடைவில் கெடுமே என்றால், கெடும். அதைவிட விரைவில் டேப்பை ஓட்டும் கருவிகள் அரிதாகிவருகின்றன. வெளித்தோற்றம் ஒன்றே என்றாலும், டிவி முறைக்கு மட்டுமான பிளேயரில் எச்டிவி கேசட் ஓடாது. ஆகவே அலமாரியில் உள்ளதை இப்போதே ஃபயர்வயர் வழியாகக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு மணி நேர கேசட்டுக்கு முழுதாக ஒரு மணி நேரம் பிடிக்கும், 11 ஜிபிக்குச் சற்று மேல் இடமும் வேண்டும். ஆனால் டேப்பில் உள்ள பிட்டுகளே அப்படியே வந்துசேரும். மறுபடி சுருக்குவதால் வரும் தர இழப்பு இல்லை.