பாடு முடிந்தால் வலையை எடுக்க வேண்டும்

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எப்போது இறால் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துக் கொடுக்கும். முறை முடிந்தால் வலையை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

காப்புரிமையும் இப்படி ஒரு பாடுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் தனியுரிமை. பிறகு அது எல்லோருக்கும் பொது.

உலகம் முழுமைக்கும் ஒரே காப்புரிமை உண்டா?

இல்லை. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போடலாம். கொடுப்பதா, மறுப்பதா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும்.

இந்தியா என்ன செய்தது?

1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. வேறு முறையில் அதே மருந்தை நம் நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்தன. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் வந்தது. வளரும் நாடுகளுக்குக் கிடைத்த அவகாசம் தீர்ந்ததும், 2005 முதல் மருந்துக்கும் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. கூடவே சட்டத்தின் 3(டி) பிரிவை நாடாளுமன்றம் இறுக்கியது: தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடியிருந்தால்தான் காப்புரிமை.

சென்னையில் நடந்தது என்ன?

ரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மாத்திரையின் புதிய படிக வடிவத்துக்கு மருந்து நிறுவனமான நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை, சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. 3(டி) செல்லாது என்று அந்நிறுவனம் தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். அது மட்டுமே நோய் தீர்க்கும் திறன் கூடியதற்குச் சான்றாகாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்று கிளிவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. இந்த மாத்திரையை நாள் தவறாமல், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். அனுப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறிச் சென்னை ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பத்துக்கு, அந்த வித்தியாசம்தான் உயிர்.

டிரிப்ஸ் கேட்பதைவிடக் கடுமையான விதிகளை வர்த்தகப் பேச்சுகளில் வளர்ந்த நாடுகள் இன்றும் கேட்கின்றன. கண்டுபிடித்தவரின் பாட்டை மதிப்போம். முறை முடிந்த பிறகும் வலையை மாற்றிக் கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ள விடக் கூடாது. 3(டி)யை எந்தப் பேரத்திலும் இழக்கக் கூடாது.