குறுக்களவு இரண்டும் ஒண்ணா இருக்கணும்: ஒரு மரச்சுவரின் கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)

வழக்கமா இங்கே கோட், சர்வர்னு பேசுவோம். இன்னைக்கு சுத்தியல், ஆணி, மரம். போன அக்டோபர்ல மூணு வார இறுதி நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. ஒன்டாரியோவில் அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டு இருந்தோம். அத்தானோட அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. பனி விழறதுக்குள்ள கூரை போட்டாகணும். கூரைச் சட்டங்கள் வர்ற தேதியும் முடிவாகிடுச்சு. அதுக்கு முன்னாடி சுவர் நிக்கணும்.

நம்ம ஊர்ல சுவர்னா செங்கல். இங்கே வீட்டைத் தாங்குறது மரச்சட்டம். ஒவ்வொரு சுவரையும் தரையில் படுக்க வச்சே செஞ்சு, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துறாங்க. ஒரு சுவர் எப்படி உருவாகுதுன்னு படிப்படியா பார்ப்போம்.

பெயர் ஒண்ணு, அளவு வேற

கடையில் ‘டூ-பை-சிக்ஸ்’னு கேட்டா கிடைக்கிற கட்டை 2 இன்ச்சுக்கு 6 இன்ச் இருக்காது. காய வச்சு இழைச்ச பிறகு 1 1/2 இன்ச்சுக்கு 5 1/2 இன்ச்தான். ‘டூ-பை-ஃபோர்’ 1 1/2-க்கு 3 1/2. இது தெரியாம நான் பேப்பரில் போட்ட முதல் கணக்கு முழுக்கத் தப்பு.

சுவரோட எலும்புக்கூடு எளிமையானது. கீழே படுக்கையா ஒரு கட்டை, அது பாட்டம் பிளேட். மேலே ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு கட்டை, டாப் பிளேட். நடுவில் செங்குத்தா நிக்கிறது ஸ்டட். எட்டடி உயர அறைக்கு ஸ்டட்டை 92 5/8 இன்ச்ல வெட்டியே விக்கிறாங்க. அதோட மூணு பிளேட்டோட தடிமன் 4 1/2 இன்ச்சைச் சேர்த்தா 97 1/8. தரை, சீலிங் வேலை முடிஞ்ச பிறகும் எட்டடி மிஞ்சும்.

ஏன் 16 இன்ச்?

ஸ்டட்டுகள் நடுவுக்கு நடு 16 இன்ச் தள்ளி நிக்குது. ஏன் 15 இல்ல, 17 இல்ல? வெளிப்பக்கம் அடிக்கிற ஓஎஸ்பி பலகையோட அகலம் 48 இன்ச். 48-ஐ 16-ஆல் வகுத்தா 3. அப்போ பலகையோட ஓரம் எப்பவும் ஒரு ஸ்டட்டோட நடுவில் வந்து உட்காரும். பாதி ஸ்டட் இந்தப் பலகைக்கு, மீதிப் பாதி அடுத்த பலகைக்கு. ஆளுக்கு முக்கால் இன்ச்தான் இடம்.

அதனால் டேப்பை ஓரத்தில் மாட்டி, முதல் கோட்டை 16-ல் போடாம 15 1/4-ல் போடறாங்க. ஸ்டட்டோட விளிம்பு அங்கே வந்தா அதோட நடு 16-ல் வரும். 12 அடி சுவருக்கு, ஜன்னல் இல்லேன்னா, பத்து ஸ்டட்.

ஜன்னல் இருந்தா? அந்த இடத்தில் ஸ்டட்டை வெட்டுறோம். அது தாங்க வேண்டிய கூரை பாரம் எங்கே போகும்? அதுக்குத்தான் ஜன்னலுக்கு மேல ஹெடர்னு ஒரு தடித்த உத்தரம். ஹெடரோட ரெண்டு முனையும் ஜாக் ஸ்டட் மேல உட்காரும். அதை ஒட்டி முழு உயரத்துக்குக் கிங் ஸ்டட். கூரை, டாப் பிளேட், ஹெடர், ஜாக் ஸ்டட், பாட்டம் பிளேட், அஸ்திவாரம்னு பாரம் இறங்கிப் போற வழி எங்கேயும் அறுபடக் கூடாது.

நாங்க சொதப்பின இடம்

ஸ்டட்டுகளை ஆணி அடிச்சு முடிச்சதும் கையில் இருக்கிறது வெறும் செவ்வகம். தள்ளினா சாயும். அதுக்கு மேல ஓஎஸ்பி பலகையை அடிச்சாத்தான் சுவர் விறைப்பாகும். காத்து பக்கவாட்டில் தள்ளும்போது வீடு கோணாம நிக்கிறது பலகையாலும் அதோட ஆணிகளாலும்தான். ஓரங்களில் 6 இன்ச்சுக்கு ஒரு ஆணி, நடு ஸ்டட்டுகளில் 12 இன்ச்சுக்கு ஒண்ணு.

சட்டம் எந்தக் கோணத்தில் இருக்கோ, பலகை அதை அந்தக் கோணத்திலேயே பூட்டிடும். அதனால் அடிக்கிறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை குறுக்கே அளக்கணும். ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தா மூலைகள் நேர். திருநெல்வேலியில் எங்க வீடு கட்டும்போது கொத்தனார் நூல் பிடிச்சு 3-4-5 போட்டு மூலைமட்டம் பார்ப்பார். அதே வடிவியல்தான்.

எங்க 12 அடி சுவருக்கு ரெண்டு பக்கமும் 173 11/16 இன்ச் வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் வெயில் படாத இடத்துக்கு நகர்த்தலாம்னு நானும் அத்தானும் சட்டத்தை இழுத்தோம். திரும்ப அளக்கலை. முதல் பலகையை அடிச்சு முடிச்சோம்.

ரெண்டாவது பலகையை வச்சப்போ எங்களுக்கு உதவ வந்த வயசான தச்சர் ஒண்ணும் பேசாம மேல் முனையைக் கை காட்டினார். முதல் பலகையோட ஓரம் கீழே ஸ்டட்டோட நடுவில் இருந்துச்சு, மேலே கிட்டத்தட்ட அரை இன்ச் விலகி இருந்துச்சு. ஒரு பக்கம் ஆணி பிடிக்க கால் இன்ச்சுக்குச் சற்று அதிகம்தான் மிச்சம். குறுக்கே அளந்தா முக்கால் இன்ச் வித்தியாசம்.

“அப்படியே அடிச்சிடலாமா மாப்ளே? உள்ளே போயிட்டா யாருக்குத் தெரியும்?”னு அத்தான் மெதுவா கேட்டார். நேரமும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு. ஆனா அந்த வீட்டில் தூங்கப் போறது அவரோட அம்மா. அவரே கொஞ்ச நேரத்தில் கடப்பாரையை எடுத்தார். அறுபதுக்கும் மேல ஆணி. ரெண்டு மணி நேரம் பிடுங்கினோம். பலகை கிழிஞ்சு வீணாச்சு, புதுசு வாங்கினோம்.

ஆபீஸ்ல டெஸ்ட் பாஸ் ஆன பிறகு ‘சின்ன மாற்றம்தான்’னு தொட்டுட்டு, திரும்ப ஓட்டாம அனுப்பினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். இதுவும் அதேதான்.

ஈரம்தான் எதிரி

மரச்சுவரை அழிக்கிறது பாரம் இல்லை, ஈரம். பாட்டம் பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஃபோம் பட்டை வைக்கணும். பலகைகளுக்கு நடுவில் 1/8 இன்ச் இடைவெளி விடணும், ஈரம் பட்டா பலகை விரியும். ஸ்டட்டுகளுக்கு இடையில் குளிர் தாங்கும் பஞ்சு. அதுக்கு உள்பக்கம், அதாவது சூடான பக்கம், பாலித்தீன் தாள். குளிர்காலத்தில் சமையல், குளியல் ஆவி சுவருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணியாகாம அது தடுக்குது. இதை அப்படியே சென்னையில் செய்யாதீங்க. அங்கே ஈரக்காத்து வெளியே, ஏசி உள்ளே. அதே தாள் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே பிடிச்சு வச்சிடும்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து சுவரைத் தூக்கினோம். நிறுத்தினதும் ரசமட்டம் வச்சுப் பார்த்தார் தச்சர். குமிழி நடுவில் நின்னுச்சு. அத்தை சமையலறை ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. “இந்த ஜன்னல் எந்தப் பக்கம்ப்பா பார்க்கும்?”னு கேட்டாங்க. கிழக்குன்னு சொன்னேன். போதும்னாங்க.

கூரையைப் பத்தி அடுத்த எபிசோடில் பேசுவோம். அதுவரைக்கும், எதை நகர்த்தினாலும் திரும்ப அளந்துடுங்க.