உங்களுக்குத் தெரியுமா? வீட்டுத் தொட்டியில் வண்ண மீன்கள்

கடையில் சுறுசுறுப்பாக நீந்திய மீன், வீட்டுக்கு வந்த சில நாளில் செத்து மிதக்கிறது. “மீன் வளர்ப்பது நமக்கு ராசியில்லை” என்று தொட்டியைக் காலி செய்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மீனைக் கவனிக்கும் முன் தண்ணீரைக் கவனிக்கக் கற்றுக்கொண்டால், மீன் பிழைக்கும், குஞ்சும் பொரிக்கும்.

தொட்டியும் தண்ணீரும்

● இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் 1909இல் சென்னை மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். மீன் ஆசை மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. இன்று வண்ண மீன் என்றதும் சென்னைக்காரர்கள் சொல்லும் பெயர் கொளத்தூர். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி, குஞ்சு பொரிக்க வைத்தே பிழைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு.

● 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 57 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் எடையே 57 கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் தனி. அதனால் ஆடாத, மட்டமான மேடை வேண்டும். அடியில் ஒரு தெர்மாகோல் தகடு போட்டால் கண்ணாடி விரிசல் விடாது.

● சின்னத் தொட்டியைப் பராமரிப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறானதுதான் உண்மை. தண்ணீர் குறைவாக இருந்தால் கழிவு சீக்கிரம் அடர்ந்துவிடும்; வெயிலில் சீக்கிரம் சூடேறும். முதன்முதலாக வளர்ப்பவருக்கு 2 அடித் தொட்டிதான் பாதுகாப்பு. கழுத்து குறுகிய உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கவே வேண்டாம். அதில் காற்றுப் படும் நீர்ப்பரப்பு குறைவு.

● மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே ஆபத்து குறையும். இந்த இரண்டு வகையும் புதுத் தொட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாளே இருபது மீனை விட்டால் அவை சாவது இதனால்தான். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பரிடம், இந்த பாக்டீரியா குடியிருக்கும் பழைய பில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

● பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவது பெரிய தவறு. அழுக்கோடு அந்த நல்ல பாக்டீரியாவும் குளோரினில் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசிப் பிழிந்து போடுங்கள்.

● மாநகராட்சித் தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுளை அரிக்கும். வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். அது எத்தனை நாள் வைத்தாலும் எளிதில் போகாது. அதற்கு மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலக்க வேண்டும்.

● தொட்டியை முழுவதுமாகக் காலி செய்து கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது மீனுக்குப் பெரிய அதிர்ச்சி. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். அதே சூட்டில் உள்ள, குளோரின் நீங்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள்.

● உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அது கடினநீர். கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய மூன்றுக்கும் அந்தத் தண்ணீர் பிடிக்கும். அமேசான் காட்டு ஓடைகளின் மென்னீரில் பழகிய நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் ஒத்துக்கொள்ளாது. மீனுக்காகத் தண்ணீரோடு போராடுவதை விட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதே புத்திசாலித்தனம்.

● தண்ணீர் சூடேற ஏற, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரைகிற இடத்தில், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை பசியில் கேட்கின்றன என்று தீனி போடாதீர்கள், மூச்சுக்குத் தவிக்கின்றன. ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். மின்சாரம் போய்விட்டால் ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள்.

தீனியும் நோயும்

● தங்க மீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. சேர்த்து வைக்க இடமில்லை. அதனால் ஒரே வேளையில் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை கொடுங்கள்.

● எந்த மீனுக்கும் ஓரிரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே சரியான தீனி. மிஞ்சியது அடியில் அழுகி அமோனியாவாகும். வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் பட்டினி தாங்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவையே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர் பாசத்தோடு அள்ளிப் போடுவது பட்டினியை விட ஆபத்து.

● உடலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. அங்கிருந்து விழுந்து, அடியில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருவது இதனால்தான். தண்ணீரை மெதுவாக 30 டிகிரி வரை சூடாக்கினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாக முடியும். மருந்தும் சீக்கிரம் வேலை செய்யும்.

● புது மீனை நேரே பழைய தொட்டியில் விடாதீர்கள். முதலில் பையோடு கால் மணி நேரம் தனித் தொட்டியின் தண்ணீரில் மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு அந்தத் தனித் தொட்டியிலேயே இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

குஞ்சு பொரிக்கும் கலை

● இனப்பெருக்கத்தில் முதலில் கற்க ஏற்றவை கப்பி, மோலி, பிளாட்டி, சுவார்ட்டெயில் ஆகிய குட்டி போடும் மீன்கள். இவை முட்டையிடுவதில்லை, நீந்தும் குஞ்சையே ஈனும். கப்பிக்கு ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு பேறு. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண்ணைக் களைக்க வைத்துவிடும்.

● கப்பிப் பெண், ஆணின் விந்துவைத் தன் உடலில் பல மாதம் சேமித்து வைக்கும். ஆணே இல்லாத தொட்டியிலும் அது அடுத்தடுத்துக் குட்டி போடும். நல்ல வால் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்க விரும்பினால், குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் அடையாளம் தெரிந்த உடனே பிரித்துவிட வேண்டும். கூரிய குச்சி போன்ற அடித்துடுப்பு இருந்தால் ஆண். வயிற்றின் பின்பக்கம் கரும்புள்ளி தெரிந்தால் பெண்.

● பெற்ற தாயே குஞ்சைத் தின்னும் மீன்கள் இவை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை; ஒளிய இடம் கொடுங்கள். ஜாவா பாசியும் ஹைட்ரில்லாவும் அடர்ந்திருந்தால் தனிப் பெட்டி இல்லாமலே நிறையக் குஞ்சுகள் தப்பிவிடும்.

● ஃபைட்டர் மீனில் பிள்ளை வளர்ப்பது தந்தைதான். ஆண் நீர்மட்டத்தில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டும். பெண் இட்ட முட்டைகளை வாயில் கவ்விக் குமிழிக்குள் ஒவ்வொன்றாகப் பொதியும். கீழே விழுந்தால் மறுபடி எடுத்து வைக்கும். இதற்குத் தண்ணீர் நாலைந்து அங்குல ஆழம் போதும், சலனம் கூடாது. காய்ந்த வாதாம் இலை ஒன்றை மிதக்க விட்டால் அதன் அடியிலேயே கூடு கட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண் கடித்துக் குதறிவிடும். ஓரிரு நாளில் முட்டை பொரியும். அதன்பின் மூன்று நாளில் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும். அப்போது ஆணையும் எடுத்துவிடலாம். குஞ்சுக்கு மேற்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் முதல் சில வாரங்கள் தொட்டியை மூடியே வையுங்கள். குளிர்ந்த காற்றுப் பட்டால் அவை பிழைக்காது.

● குமிழிக் கூடு கட்டும் மீன் நம் மண்ணிலும் உண்டு. புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த ஒரு சின்ன மீனைப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831இல் பதிவு செய்தார். வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் வாழும் அது, வெயிலையும் கலங்கல் நீரையும் தாங்கும். வெளிநாட்டு மீனைத் தேடும் முன் இதை வளர்த்துப் பார்க்கலாம்.

● வரிக்குதிரைப் பட்டை கொண்ட சீப்ரா மீன் விடியற்காலை வெளிச்சத்தில் முட்டையைச் சிதறவிடும். சிதறிய கையோடு தின்னவும் தொடங்கும். தொட்டியின் அடியில் கோலிக் குண்டுகளை இரண்டு அடுக்கு பரப்பிவிட்டால் முட்டைகள் இடுக்கில் இறங்கித் தப்பும். காலையிலேயே பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வரும். 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்த இந்த மீன்தான் இன்று உலகமெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது.

● ஏஞ்சல் மீன் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும். கடையில் ஆணும் பெண்ணும் என்று ஜோடி வாங்குவதை விட, ஆறு குட்டி மீன்களை வாங்கி ஒன்றாக வளர்த்தால் ஜோடி தானே பிரிந்து நிற்கும். செங்குத்தாகச் சாய்த்து வைத்த கல் பலகையில் முட்டையிடும். முதல் ஓரிரு தடவை பெற்றோரே முட்டையைத் தின்றுவிடுவது சகஜம். மனம் தளர வேண்டாம்.

● நம் கழிமுகங்களில் வாழும் ஆரஞ்சு குரோமைடு மீனின் குஞ்சுகள் தாய் தந்தையின் தோலில் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். டிஸ்கஸ் குஞ்சுக்கு அதுவே முதல் உணவு. இந்த மீன்களில் குஞ்சைச் சீக்கிரம் பிரிப்பது பாலைப் பறிப்பதற்குச் சமம்.

● குஞ்சு பொரிப்பது பாதி வேலைதான். அதன் வாய்க்குள் நுழையும் உணவு இல்லாமல்தான் பெரும்பாலான குஞ்சுகள் சாகின்றன. முட்டையிடும் மீன்களுக்கு முதல் சில நாள் இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்கள் வேண்டும். தொட்டித் தண்ணீரை ஒரு ஜாடியில் எடுத்து, வாழைப்பழத் தோலையோ ஒரு பிடி வைக்கோலையோ போட்டு வையுங்கள். நாலைந்து நாளில் கலங்கல் தெளிந்து அவை பெருகும். முட்டை பொரிந்த பிறகு ஜாடி தேடினால் நேரம் போதாது. ஜோடி சேர்க்கும்போதே போட்டுவிடுங்கள்.

● அடுத்த உணவு ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிர். அதன் உலர்ந்த முட்டை பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பு கரைத்து, காற்றுக் குழாய் விட்டு, 28 டிகிரி சூட்டில் வைத்தால் 24 மணி நேரத்தில் பொரியத் தொடங்கும். பிறகு காற்றை நிறுத்துங்கள், ஓடுகள் மிதக்கும். ஒரு மூலையில் விளக்கைக் காட்டினால் ஆர்டீமியாக் குஞ்சுகள் அங்கே கூடும். உறிஞ்சி எடுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள்.

● கடலில் வாழும் கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்கள். கூட்டத்தின் ஒரே பெண் இறந்தால், மூத்த ஆண் பெண்ணாக மாறும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். கடல் மீன் வளர்க்க ஆசைப்படுபவர்கள் பவளப்பாறையிலிருந்து பிடித்ததைத் தவிர்த்து, இப்படிப் பொரித்ததையே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போதும் விடும்போதும்

● சிவப்பும் கறுப்பும் பட்டையிட்ட ‘மிஸ் கேரளா’ மீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரள, கர்நாடக ஆறுகளில் மட்டுமே வாழ்வது. 1865இல் ஃபிரான்சிஸ் டே இதற்கு அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். தொட்டிக்காக ஆற்றிலிருந்து அள்ளி அள்ளியே இது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு, இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

● உடல் கண்ணாடியாகவும் முதுகில் மட்டும் பச்சை, இளஞ்சிவப்புக் கோடாகவும் உள்ள மீனின் நிறம் இயற்கையானதல்ல. ஊசியால் சாயம் ஏற்றப்பட்டது. சில மாதத்தில் நிறம் மங்கும். அதற்குள் பல மீன்கள் நோயுற்றுச் சாகும். நாம் வாங்காவிட்டால் அந்தக் கொடுமை நிற்கும்.

● தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பலர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் இந்த மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. கவசம் போன்ற உடலும் முள்ளும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ இன்னொரு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். எந்த மீனையும், எத்தனை சின்னதாக இருந்தாலும், ஏரி, குளம், கிணறு, ஆறு எதிலும் விடாதீர்கள்.