திரும்பி வரும் புற்றை ரத்தம் முன்னறிவிக்குமா?

ஆக்லாந்தின் வடபால் ஆல்பனியில் வாழும் தமிழரும் மனங்கொள்ள வேண்டிய செய்தி, நியூசிலாந்தில் புற்றுநோய்களுள் மிகுதியான உயிர்களைக் கவர்வது நுரையீரல் புற்றே என்பதாகும்.

சஸ்திர சிகிச்சையால் கட்டியை அகற்றிய பின்னும் சிலருக்கு அது ஏன் திரும்புகிறது? ஸ்கேன் படத்திற்கும் புலப்படாத சூக்ஷ்மமான புற்றணுக்கள் எங்கேனும் எஞ்சியிருப்பதே காரணம். ஆயினும், உடலின் நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்களுள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஏற்பியைத் தாங்கி, பூட்டுக்கேற்ற சாவி போல் குறிப்பிட்ட சில புரதத் துணுக்குகளையே இனங்காண்பதாலும், கண்டதும் தன் பிரதிகளைப் பன்மடங்கு பெருக்குவதாலும், பகை சிறிதாயிருப்பினும் அதற்கெழும் எதிர்வினை ரத்தத்தில் தென்படக்கூடும் என்பதே, ரத்தத்தைக் கொண்டு புற்றின் மீள்வரவை முன்னறிய முயலும் முறையின் ஆதாரம்.

பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய டிரேஸர்எக்ஸ் ஆய்வினர், நுரையீரல் கட்டி முழுவதும் பரவிய மரபணு மாற்றங்கள் மிகுந்த இடத்தில், அவ்வாறே பரவிய டி அணு வகைகளும் மிகுந்திருப்பதை 2019-இல் வெளியிட்டனர். எனவே, அகற்றிய கட்டியிலேயே அவ்வகைகளின் மரபணு வரிசையைப் படித்துவைத்து, பின்னர் ரத்தத்தில் அவை மீண்டும் பெருகுகின்றனவா என நோக்கலாம். இதை நான் மிகுந்த நம்பிக்கையுடன் வரவேற்கிறேன். ஆனால் நோய் முற்றும் ஒழிந்த பின்னும் முன் கண்ட பகையை நினைவிற்கொள்ளும் டி அணுக்கள் நெடுநாள் வாழுமாதலால், அவை இருப்பது மட்டும் சான்றாகாது. காலந்தோறும் காணும் ஏற்றமே பொருளுடையது.

இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. ஆதலால், சிகிச்சை பெற்றோர் வைத்தியர் குறித்த ஸ்கேன் நாளைத் தவறவிடலாகாது.